வேலியில் ஏறிய பையனைச் சுடலாமா?

1974 அக்டோபர் 3, இரவு பத்தே முக்கால் மணி. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் உள்ள மெம்ஃபிஸ் நகரம். ஒரு வீட்டுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகத் தகவல் வர, இரண்டு போலீஸ்காரர்கள் போகிறார்கள். வீட்டு முகப்பில் நின்ற ஒரு பெண் பக்கத்து வீட்டைக் கைகாட்டி, கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது என்கிறார். ஒருவர் வயர்லெஸ்ஸில் தகவல் சொல்கிறார். மற்றவர் வீட்டின் பின்பக்கம் போகிறார். கதவு படாரென்று சாத்தும் சத்தம். ஓர் உருவம் கொல்லைப்புறத்தைக் கடந்து ஓடி, ஆறடி உயரக் கம்பிவலை வேலியருகே போய் நிற்கிறது. டார்ச் வெளிச்சத்தில் முகம் தெரிகிறது, கைகளும் தெரிகின்றன. கையில் ஆயுதம் இருப்பதற்கான அறிகுறி எதுவும் இல்லை. 'போலீஸ், நில்' என்று கத்திவிட்டு அவர் சில அடிகள் முன்னே வைக்கிறார். அந்தப் பையன் வேலியில் ஏறத் தொடங்குகிறான். தாண்டிவிட்டால் பிடிக்க முடியாது என்று தோன்றியதும் போலீஸ்காரர் சுடுகிறார். குண்டு பின்னந்தலையில் பாய்கிறது. ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை மேஜையிலேயே உயிர் போய்விடுகிறது.

பையனின் பெயர் எட்வர்ட் கார்னர். வயது 15, எட்டாம் வகுப்பு. அந்த வீட்டிலிருந்து எடுத்த ஒரு கைப்பையும் 10 டாலரும் அவனிடம் இருந்தன.

நான் குற்றவியல் வழக்குகள் நடத்தும் வக்கீல். சட்ட மாணவர்களுக்குக் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் பாடம் எடுக்கிறேன். கைது பற்றிய பகுதி வரும்போது இந்த வழக்கைத்தான் முதலில் சொல்வேன். கரும்பலகையில் ஒரு வீடு, ஒரு கொல்லைப்புறம், ஒரு வேலி வரைந்து, போலீஸ்காரர் நின்ற இடத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, "இப்போது சுடலாமா?" என்று கேட்பேன். எந்த நாட்டுச் சட்டம், எந்தப் பிரிவு என்று எதுவும் சொல்ல மாட்டேன். வகுப்பு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும்.

இந்த வழக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. சுட்ட போலீஸ்காரர், 'அவனிடம் ஆயுதம் இல்லை என்று எனக்குக் கிட்டத்தட்ட நிச்சயமாகத் தெரியும்' என்று நீதிமன்றத்திலேயே ஒத்துக்கொண்டார். அவன் தாக்க வந்தான் என்றோ, இடுப்பில் கைவைத்தான் என்றோ அவர் சொல்லவில்லை. ஓடினான், தப்பிவிடுவான் என்று நினைத்தேன், சுட்டேன், அவ்வளவுதான். டென்னசி மாநிலச் சட்டமும் அதைத்தான் அனுமதித்தது: கைது செய்யப் போகிறோம் என்று தெரிவித்த பிறகும் ஒருவன் ஓடினாலோ எதிர்த்தாலோ, கைது செய்யத் தேவையான எல்லா வழிகளையும் அதிகாரி கையாளலாம். காவல் துறையின் சொந்த விதி கொஞ்சம் கறாராக இருந்தாலும், வீடு புகுந்து திருடியவனைச் சுட அதுவும் இடம் கொடுத்தது. துறையின் துப்பாக்கிப் பயன்பாட்டு மறுஆய்வுக் குழு பார்த்தது, வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுக்கும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரியும் பார்த்தது. இரண்டுமே நடவடிக்கை எடுக்கவில்லை. ஆக, குற்றவாளிக் கூண்டில் நின்றது அந்தப் போலீஸ்காரர் மட்டும் இல்லை, அந்தச் சட்டமும்தான். நம் ஊர் வழக்குகளில் இது கிடைப்பதே இல்லை. இங்கே நேரமெல்லாம் என்ன நடந்தது என்று கண்டுபிடிப்பதிலேயே போய்விடும். சட்டக் கேள்விக்கு வருவதற்குள் சாட்சிகள் களைத்துவிடுவார்கள்.

பையனின் அப்பா வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பையன் வேலியைத் தாண்ட முயன்றதன் மூலம் சுடப்படும் ஆபத்தைத் தானே ஏற்றுக்கொண்டான் என்பது அதன் கருத்து. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. கடைசியில் 1985 மார்ச் 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி பைரன் ஒயிட். வழக்கின் பெயர் டென்னசி எதிர் கார்னர்.

அந்தத் தீர்ப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, பழைய விதி எங்கிருந்து வந்தது என்று அவர் தோண்டிப் பார்க்கும் இடம். ஓடும் குற்றவாளியைக் கொல்லலாம் என்பது ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் விதி. அந்தக் காலத்தில் பெருங்குற்றம் என்று வகைப்படுத்தப்பட்டவை கொஞ்சம்தான், ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் மரண தண்டனை. எப்படியும் தூக்கில் போகப்போகிறவன் ஓடும்போது செத்தால் என்ன என்பதுதான் அதன் தர்க்கம். ஆயுதங்களும் அன்று வேறு மாதிரி. ஓடுகிறவனைக் கொல்ல வேண்டுமானால் பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்துக்குப் போக வேண்டும், அங்கே கைகலப்பு வரும், பிடிக்கப் போனவனின் உயிருக்கும் ஆபத்து உண்டு. நூற்றாண்டுகள் ஓடின. பெருங்குற்றங்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மரண தண்டனை போய்விட்டது. போலீஸ்காரரின் இடுப்புக்குக் கைத்துப்பாக்கி வந்து சேர்ந்தது. விதி மட்டும் அப்படியே நின்றது. நீதிமன்றத்தில் குற்றம் நிரூபணமாகியிருந்தால்கூட கார்னருக்கு மரண தண்டனை கிடைத்திருக்காது. வேலியில் ஏறியதற்குக் கிடைத்துவிட்டது.

சுடுவதும் ஒருவகைக் கைதுதான், எனவே அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் சொல்லும் 'நியாயமான' என்ற அளவுகோலுக்கு அது கட்டுப்பட்டது என்றார் ஒயிட். சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரும் தப்பிப்பதைவிடச் சாவதே மேல் என்று சொல்ல முடியாது. ஆயுதம் இல்லாத, ஆபத்து இல்லாத ஒருவனைச் சுட்டுக் கொன்று பிடிக்கக் கூடாது. அப்புறம் அவர் வகுத்த விதி: தப்பிப்பதைத் தடுக்க உயிர்போகும் அளவு பலத்தைப் பயன்படுத்த வேண்டுமானால், அந்த ஆள் அதிகாரிக்கோ மற்றவர்களுக்கோ கடுமையான உடல் தீங்கு விளைவிப்பான் என்று நம்பத் தகுந்த ஆதாரம் இருக்க வேண்டும். அவன் ஆயுதத்தைக் காட்டி மிரட்டியிருக்கலாம், அல்லது அப்படிப்பட்ட வன்முறைக் குற்றம் செய்துவிட்டு ஓடுகிறவனாக இருக்கலாம். சுடாமல் தடுக்க வேறு வழி இருக்கக் கூடாது. முடிந்தால் முதலில் எச்சரிக்க வேண்டும்.

மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ'கானர். மாணவர்களிடம் அதையும் முழுதாகப் படிக்கச் சொல்வேன். வீடு புகுதல் வெறும் சொத்துக் குற்றம் இல்லை என்பது அவர் வாதம். வீடுகளில் நடக்கும் பாலியல் வன்முறைகளில் ஐந்தில் மூன்று பங்கு வீடு புகுந்தவர்கள் செய்பவை என்ற புள்ளிவிவரத்தை அவர் காட்டினார். ஒயிட் அதே அரசுத் தரவுகளை மறுபக்கத்திலிருந்து பார்த்தார்: வீடு புகும் சம்பவங்களில் வன்முறையில் முடிந்தவை 3.8 சதவீதம் மட்டுமே. இரண்டுமே உண்மை. ஓ'கானரின் கவலை பொய்யானது என்று நான் சொல்ல மாட்டேன். தனியாக வீட்டில் இருக்கும் ஒருவருக்கு அந்த 3.8 சதவீதம் ஆறுதலாக இருக்காது. ஆனால் ஒரு குற்ற வகையைப் பற்றிய எண்ணிக்கை, டார்ச் வெளிச்சத்தில் வெறுங்கையோடு தெரிகிற இந்தப் பையனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுடுகிறவர் முன்னால் நிற்பது ஓர் ஆள். அவனைப் பற்றி அந்த நிமிடத்தில் என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

என் வகுப்பில் ஒரு மாணவர் இருந்தார், அப்பா காவல் துறையில். தீர்ப்பைப் படித்து முடித்ததும் எழுந்து, "அப்படின்னா ஓட விடணுமா சார்?" என்று கேட்டார். குரலில் கோபம் இருந்தது. அப்பா ஒவ்வொரு இரவும் எதற்குள் போகிறார் என்று தெரிந்து வளர்ந்தவரின் கோபம் அது, நியாயமானதும்கூட.

நேரான பதில்: ஆமாம், சில நேரங்களில் ஓட விடத்தான் வேண்டும்.

இதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் மழுப்பாமல் சொல்லியிருக்கிறது. நாச்சோவா எதிர் பல்கேரியா, 2005 ஜூலை 6. 1996-ல் பல்கேரியாவில் நடந்த சம்பவம். கட்டாய ராணுவ சேவையில் இருந்த இரண்டு இளைஞர்கள், ரோமா என்ற சிறுபான்மை இனத்தவர்கள், இருவருக்கும் 21 வயது. அனுமதி இல்லாமல் அடிக்கடி காணாமல் போனதற்காகத் காவலில் வைக்கப்பட்டிருந்தவர்கள், வேலை செய்த கட்டுமான இடத்திலிருந்து ஓடிவிட்டார்கள். ஆயுதம் இல்லை, வன்முறைக் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அவர்களுக்கே தெரிந்த ஒரு கிராமத்து வீட்டில் இருக்கிறார்கள் என்று அறிந்து ராணுவப் போலீஸ் போனது. பட்டப்பகலில், வீடுகள் நிறைந்த இடத்தில், தானியங்கித் துப்பாக்கியால் சுட்டதில் இருவரும் இறந்தார்கள். ஓடுகிறவனால் யாருடைய உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து இல்லை, அவன் வன்முறைக் குற்றம் செய்ததாகச் சந்தேகமும் இல்லை என்றால், சுடாவிட்டால் கைது செய்யும் வாய்ப்பே போய்விடும் என்றாலும் சுடக் கூடாது என்றது நீதிமன்றம். ஐரோப்பிய மனித உரிமை ஒப்பந்தத்தின் 2-வது பிரிவு, தப்பிப்பதைத் தடுப்பதற்காகப் பலத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது, ஆனால் 'முற்றிலும் இன்றியமையாத' அளவுக்கு மட்டும். வாய்ப்புப் போனாலும் பரவாயில்லை என்று ஒரு நீதிமன்றம் எழுதிவைப்பது லேசான காரியம் இல்லை. அந்த வாக்கியத்தை நான் அந்த மாணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

அவர் அதோடு விடவில்லை. "தப்பிச்சுப் போனவன் நாளைக்கு வேற வீட்டுக்குப் போவானே?" போகலாம். அவனைத் தேட ஆள் இருக்கிறது, கைரேகை இருக்கிறது, வாரண்ட் இருக்கிறது, அடுத்த மாவட்டத்துக் காவல் நிலையம் இருக்கிறது. கார்னரின் முகத்தை அந்தப் போலீஸ்காரர் டார்ச் அடித்துப் பார்த்திருக்கிறார். தப்பிப்பதை நாளைக்குச் சரிசெய்யலாம். தவறான ஆளைச் சுட்டதை நாளைக்கு என்ன செய்வது? ஓடுகிறவன் இன்னும் சந்தேகத்துக்குரியவன் மட்டும்தான் என்பதை நாம் சுலபமாக மறந்துவிடுகிறோம். ஓடுவதே குற்றத்துக்குச் சாட்சி என்று நினைக்கிறோம். பயத்தில் ஓடுகிறவர்களை நான் வழக்குகளில் நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய அபராதம் கட்டாதவர், போதையில் இருந்தவர், முன்பு ஒருமுறை ஸ்டேஷனில் அடிவாங்கியவர்.

தென்னாப்பிரிக்க அரசியலமைப்பு நீதிமன்றம் 2002-ல் வால்டர்ஸ் வழக்கில் இதை அடியிலிருந்து தொடங்கியது. கைதின் நோக்கம், குற்றம் செய்ததாகச் சந்தேகிக்கப்படுகிறவரை விசாரணைக்காக நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவது. அதை ஒத்துக்கொண்டால் மற்றதெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும். பிணத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர முடியாது. ஓடுகிறவரைக் கொல்ல அனுமதித்த தங்கள் நாட்டு நடைமுறைச் சட்டப் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது அந்த நீதிமன்றம்.

சரி, நம் சட்டத்துக்கு வருவோம். இதில்தான் மாணவர்கள் அதிகம் ஆச்சரியப்படுவார்கள்.

நமது குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1973-ன் 46-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 43-வது பிரிவு. கைதை எதிர்த்தாலோ தப்பிக்க முயன்றாலோ தேவையான எல்லா வழிகளையும் அதிகாரி கையாளலாம் என்று அதுவும் சொல்கிறது. டென்னசி சட்டத்தின் அதே தொனி. ஆனால் உடனேயே ஒரு தடை வருகிறது: மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரிய குற்றம் சாட்டப்படாத ஒருவரின் மரணத்தை விளைவிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. 1898-ம் ஆண்டுச் சட்டத்திலும் இது இருந்தது, ஆயுள் தண்டனைக்குப் பதில் அன்று நாடுகடத்தல் என்று இருக்கும்.

இப்போது கார்னரை நம் சட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். 1973-ம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1974 ஏப்ரல் 1. அவன் சுடப்பட்டது அதே ஆண்டு அக்டோபரில். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 457-வது பிரிவுப்படி, திருடும் நோக்கத்தோடு இரவில் வீட்டை உடைத்து நுழைந்தால் அதிகபட்சம் 14 ஆண்டு. ஆயுள் தண்டனை கிடையாது. ஆக, மெம்ஃபிஸில் சட்டப்படி சரியென்று கருதப்பட்ட அதே குண்டு, அதே ஆண்டில் இந்தியாவில் சட்டவிரோதம். ஒருவர் உடனே கேட்பார்: இரவில் வீடு உடைப்பவனைக் கொல்லத் தற்காப்புச் சட்டம் இடம் தருகிறதே? தருகிறது, அதே தண்டனைச் சட்டத்தின் 103-வது பிரிவு. ஆனால் 105-வது பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரவில் வீடு உடைத்து நுழைந்தவனுக்கு எதிரான தற்காப்பு உரிமை, அந்த அத்துமீறல் தொடரும் வரைதான். வீட்டை விட்டு வெளியேறி, வேலியில் ஏறிக்கொண்டிருப்பவன் விஷயத்தில் அது முடிந்துவிட்டது. இந்த இடத்தில் நம் சட்டம் பைரன் ஒயிட்டுக்கு முன்பே சரியான பதிலில் நின்றது என்று எனக்குப் பெருமைதான்.

ஆனால் நம் சட்டம் கோட்டைப் போட்ட இடம் தவறு. கார்னர் தீர்ப்பு, நாச்சோவா, 1990-ல் ஹவானாவில் ஏற்கப்பட்ட ஐ.நா. அடிப்படைக் கோட்பாடுகள் எல்லாமே கேட்கும் கேள்வி: இவன் தப்பினால் யாருடைய உயிருக்கு ஆபத்து? நம் 43-வது பிரிவு கேட்கும் கேள்வி: இவன் மேல் சாட்டப்பட்ட குற்றத்துக்கு அதிகபட்ச தண்டனை என்ன? இது பழைய ஆங்கிலேய விதியின் பேரப்பிள்ளை. எப்படியும் சாகப்போகிறவன்தானே என்ற அதே எண்ணம், கொஞ்சம் குறுக்கப்பட்டு இங்கே வாழ்கிறது.

அதன் விளைவு விபரீதமானது. ஓர் உயிலைப் போலியாகத் தயாரித்தால் ஆயுள் தண்டனை வரை உண்டு, பழைய 467-வது பிரிவு. கள்ளநோட்டு அடித்தாலும் அப்படியே. அரசு ஊழியர் தன் பொறுப்பில் இருந்த பணத்தைக் கையாடல் செய்தாலும் ஆயுள் தண்டனை வரை போகலாம். ஆனால் இரவில் நெடுஞ்சாலையில் ஒருவரை மிரட்டி, காயம் எதுவும் ஏற்படுத்தாமல் கொள்ளையடித்தால் அதிகபட்சம் 14 ஆண்டு. வெறும் எழுத்தை மட்டும் பார்த்தால், ஓடுகிற போலி உயில்காரரைக் கொல்வதற்கு எதிரான அந்தத் தடை அவருக்குக் கிடைக்காது, கொள்ளையடித்தவருக்குக் கிடைக்கும். 'தேவையான எல்லா வழிகளும்' என்பதில் இருக்கும் 'தேவையான' என்ற நிபந்தனையை நீதிமன்றங்கள் இறுக்கமாகப் படிக்க முடியும், படிக்கவும் வேண்டும். ஆனாலும் நள்ளிரவில் துப்பாக்கியோடு நிற்கும் ஒரு சப்-இன்ஸ்பெக்டருக்கு சட்டப் புத்தகம் நேரடியாகச் சொல்வது தண்டனைப் பட்டியலைப் பார் என்பதைத்தான். அவர் பார்க்க வேண்டியது ஓடுகிறவனின் கைகளை.

நடைமுறையில் இன்னொரு சிக்கலும் உண்டு. என்கவுண்டர் வழக்குகளின் எஃப்.ஐ.ஆர்.களைப் படித்தவர்களுக்குத் தெரியும், 'ஓடினான், சுட்டோம்' என்று அதில் இருக்காது. ஓடினான், திரும்பினான், அரிவாளால் வெட்டினான் அல்லது துப்பாக்கியைப் பிடுங்கினான், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றுதான் இருக்கும். அதை எழுதியதும் கைது பற்றிய பிரிவு விலகிவிடுகிறது, தற்காப்புப் பிரிவுகள் வந்துவிடுகின்றன. தற்காப்பு உண்மையாகவே நடப்பதுண்டு. வெட்டுப்பட்ட காவலர்கள் கற்பனை இல்லை. அதனால்தான் ஒவ்வொரு சம்பவத்தையும் தனியாக, வேறு கைகள் விசாரிக்க வேண்டும்.

2019 டிசம்பர் 6 ஹைதராபாத் சம்பவம் நினைவிருக்கும். கால்நடை மருத்துவரான ஓர் இளம்பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்து கொன்றதாகப் பிடிபட்ட நான்கு பேரை, சம்பவ இடத்துக்கு அழைத்துப்போனபோது ஆயுதங்களைப் பிடுங்கித் தாக்கித் தப்ப முயன்றார்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டுக் கொன்றது. மக்கள் போலீஸார் மேல் பூத்தூவினார்கள். அந்தப் பெண்ணுக்கு நடந்தது யாரையும் தூங்கவிடாத கொடுமை, அந்தக் கோபம் எனக்கும் இருந்தது. உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி சிர்புர்கர் தலைமையில் ஆணையம் அமைத்தது. 2022-ல் வெளியான அறிக்கை போலீஸ் சொன்ன கதையை நம்ப மறுத்தது. கொல்லும் நோக்கத்தோடு வேண்டுமென்றே சுடப்பட்டார்கள் என்றது. பத்துப் போலீஸார் மேல் கொலை வழக்கு நடத்தப் பரிந்துரைத்தது. இறந்தவர்களில் மூன்று பேர் சம்பவத்தின்போது சிறுவர்கள் என்றும் சொன்னது. இதில் தண்டனைப் பட்டியல் எந்தப் பாதுகாப்பும் தராது என்பதைக் கவனியுங்கள். குற்றச்சாட்டு மரண தண்டனைக்குரியது. பிரிவு 46-ன் தடை அவர்களுக்குப் பொருந்தாது. இருந்தும் அந்த நான்கு பேரை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் வேலை நீதிமன்றத்துடையது. அந்தப் பெண்ணின் குடும்பத்துக்கும் அந்த விசாரணை சேர வேண்டியது.

உச்ச நீதிமன்றம் 2014 செப்டம்பர் 23 அன்று பி.யு.சி.எல். (மக்கள் சிவில் உரிமைக் கழகம்) எதிர் மகாராஷ்டிரா வழக்கில் 16 வழிகாட்டுதல்களைத் தந்தது. தலைமை நீதிபதி லோதா, நீதிபதி ரோஹிண்டன் நாரிமன் அமர்வு. மரணம் நிகழ்ந்தால் எஃப்.ஐ.ஆர். பதிய வேண்டும். சி.ஐ.டி. அல்லது வேறு காவல் நிலையக் குழு விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும். சம்பந்தப்பட்ட அதிகாரிகளுக்குச் சம்பவம் முடிந்த சூட்டோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ தரக் கூடாது. இந்தக் கடைசி நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். பரிசு காத்திருக்கும் இடத்தில் விரல் விசையை நோக்கிச் சீக்கிரம் போகும்.

இப்படி ஒரு வழக்குக் கட்டு மேஜைக்கு வந்தால் நான் முதலில் எடுப்பது பிரேதப் பரிசோதனை அறிக்கையை. குண்டு நுழைந்த துளை முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா? துளையைச் சுற்றித் தோலில் கருமையும் வெடிமருந்துத் துகள்களும் படிந்திருக்கின்றனவா? படிந்திருந்தால் மிக அருகிலிருந்து சுட்டிருக்கிறார்கள். முப்பது அடி தூரத்தில் ஓடினான் என்ற கதை அங்கேயே நின்றுவிடும். குண்டு சென்ற பாதை மேலிருந்து கீழா? அப்படியென்றால் சுடப்பட்டவர் உட்கார்ந்தோ மண்டியிட்டோ இருந்திருக்கலாம். அப்புறம் காவல் நிலையப் பொது நாட்குறிப்பு. துப்பாக்கி எந்த நேரத்தில் யாருக்குக் கொடுக்கப்பட்டது, எத்தனை குண்டுகள் திரும்பி வந்தன? சம்பவ இட மகஜரில் கையெழுத்துப் போட்ட சாட்சிகள் அந்த ஊர்க்காரர்களா? பிடுங்கியதாகச் சொல்லும் ஆயுதத்தில் கைரேகை எடுத்தார்களா? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருக்கும் கோப்புகளும் உண்டு, அவற்றில் போலீஸ் சொன்னது உண்மையாக இருந்ததும் உண்டு.

காலில் சுடுவது பற்றியும் சொல்ல வேண்டும், வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி. 'முட்டிக்குக் கீழே சுட்டால் சாக மாட்டானே?' சாகலாம். குறி கொஞ்சம் மேலே போய், தொடையில் ஓடும் பெரிய தமனி கிழிந்தால் சில நிமிடங்களில் ரத்தம் வடிந்து உயிர் போகும். ஓடும் கால் சின்ன இலக்கு. குறி தவறிய குண்டு யார் வீட்டுச் சுவருக்குள் போகும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் பல நாட்டுக் காவல் துறைகள் துப்பாக்கியை எங்கே குறிவைத்தாலும் உயிர்ப்பறிக்கும் பலமாகவே கணக்கில் வைக்கின்றன. நம் 43-வது பிரிவின் தடை மரணத்தை விளைவிப்பது பற்றி மட்டும் பேசுவதால், கால் துப்பாக்கிச்சூடு அந்த இடைவெளியில் தங்கிவிடுகிறது. பிடிபட்டவர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி முழங்கால் காயம் என்று வரிசையாகச் செய்திகள் வந்தால், அது கைது செய்யும் முயற்சியாக எனக்குத் தெரியவில்லை. நீதிமன்றத்துக்கு முன்பே கொடுக்கப்படும் தண்டனையாகத் தெரிகிறது.

அமெரிக்காவிலும் கார்னர் தீர்ப்போடு கதை முடியவில்லை. 1989-ல் கிரஹாம் எதிர் கானர் வழக்கு, சம்பவ இடத்தில் நிற்கும் நியாயமான அதிகாரியின் கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு கிடைத்த தெளிவோடு பார்க்கக் கூடாது என்றது. அது நியாயமான எச்சரிக்கைதான், ஆனால் அதற்குள் நிறைய அடைக்கலம் கிடைத்தது. 2007-ல் ஸ்காட் எதிர் ஹாரிஸ் வழக்கில், வேகமாக ஓடும் காரைப் பின்னாலிருந்து மோதி நிறுத்தியதை ஏற்றுக்கொண்டு, கார்னர் தீர்ப்பு எல்லாவற்றுக்கும் பொருந்தும் மந்திர ஸ்விட்ச் இல்லை என்றார்கள். 2015-ல் நார்த் சார்ல்ஸ்டனில், போக்குவரத்துச் சோதனையிலிருந்து ஓடிய 50 வயதுக் கறுப்பின மனிதரை ஒரு போலீஸ்காரர் முதுகில் சுட்டார். தன் டேசரை, அதாவது மின்அதிர்ச்சித் துப்பாக்கியை, அவர் பறித்துக்கொண்டார் என்பதுதான் முதலில் சொல்லப்பட்ட கதை. வழியில் போன ஒருவர் செல்போனில் எடுத்த வீடியோ வெளியே வந்தது. போலீஸ்காரருக்கு 20 ஆண்டு சிறை. கார்னர் விதி அப்போது 30 வயது. அதைச் செயல்பட வைத்தது ஒரு வழிப்போக்கரின் வீடியோ. 2025-ல் பார்ன்ஸ் எதிர் ஃபீலிக்ஸ் வழக்கில், விசையை அழுத்திய அந்த ஓரிரு விநாடிகளை மட்டும் வெட்டி எடுத்துப் பார்க்கக் கூடாது, அதற்கு முன் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று எல்லா நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அது எனக்கு மிகவும் நம்பிக்கை தந்த தீர்ப்பு.

2023-ல் நம் குற்றவியல் சட்டங்கள் மூன்றையும் புதிதாக எழுதினார்கள். கைதுப் பிரிவில் கைவிலங்கு பற்றி ஒரு புது உட்பிரிவு சேர்ந்தது. மரணத்தைப் பற்றிய வாக்கியம் 46(3)-லிருந்து 43(4)-க்கு எண் மட்டும் மாறி, 1973-ல் இருந்த அதே சொற்களோடு வந்து உட்கார்ந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழைய கோட்டைத் திருத்த நல்ல வாய்ப்பு அது.

அதனால் இப்போதெல்லாம் பாடத்தின் கடைசி மணி நேரத்தில் மாணவர்களை அந்த உட்பிரிவைத் திருத்தி எழுதச் சொல்கிறேன். பலகையில் நான் எழுதும் வரைவு இது: 'கைது செய்யவோ தப்பிப்பதைத் தடுக்கவோ ஒருவர் மேல் துப்பாக்கியைப் பயன்படுத்தக் கூடாது, அவரால் வேறொருவரின் உயிருக்கு ஆபத்தோ கொடுங்காயமோ அப்போதே நேரக்கூடும் என்று நம்ப ஆதாரம் இருந்து, வேறு வழியும் இல்லாதபோது தவிர.' 'சாட்டப்பட்ட குற்றம்' என்பதை வேண்டுமென்றே வெளியே வைத்தேன். காவலரின் மகன் என்று சொன்னேனே, அவர் தன் தாளில் இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தார். சுடும் முன் தான் போலீஸ் என்று சொல்லி எச்சரிக்க வேண்டும், எச்சரிப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்தால் தவிர. சுட்ட அதிகாரியே முதல் உதவிக்கும் ஆம்புலன்ஸுக்கும் பொறுப்பு. இரண்டையும் வரைவில் சேர்த்துக்கொண்டேன். 'அப்போதே' என்ற சொல்லை எடுத்துவிட வேண்டும் என்றும் அவர் கேட்டார். கொலை செய்துவிட்டு, மறுபடி செய்வேன் என்று மிரட்டிவிட்டு ஓடுகிறவனை அது தப்பவிட்டுவிடும் என்பது அவர் வாதம். கார்னர் தீர்ப்பு அவர் பக்கம்தான் நிற்கிறது. அந்தச் சொல் இருக்க வேண்டும் என்றே நான் இன்னும் நினைக்கிறேன். அதை எடுத்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொரு எஃப்.ஐ.ஆரும் அந்த வாசல் வழியாகத்தான் வரும்.